இன்பசேகரன் அண்ணன் பேசிய தெலுங்கு

“நான் இன்னாம்மா தப்பா சொல்லிட்டேன்?”

இன்பசேகரன் அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. சித்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சினிமாக் கொட்டகையின் வாசலில், 1978ஆம் வருடம் ஜூலை மாதம், இரண்டாம் சனிக்கிழமை மத்தியானம் கேட்டார். அவருடைய சட்டையின் மேல் பொத்தான் அறுந்திருந்தது. நான் பெண்கள் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு அப்போது பதினாறு வயது. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அவர் கேட்டதற்குப் பாதிப் பதில் எனக்குத் தெரியும். நான் சிரித்துவிட்டேன்.

இப்போது நான்கு வருடம் ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

இன்பசேகரன் அண்ணன் பாலசமுத்திரத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே சபை உபதேசியாராக இருந்தார். பெற்றோர் இருவரும் சீக்கிரம் இறந்துவிட்டதால் மிஷன் போர்டிங்கில் தமிழில் படித்து வளர்ந்தார். பிறகு சித்தூரில் மீட்டர் ரீடர் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டரில் எண்ணைப் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். எங்கள் மிஷன் காம்பவுண்டில் வரிசை வீடுகளின் கடைசி அறை அவருடையது, அதற்கு முந்தைய வீடு எங்களுடையது. மீட்டர் பெட்டியின் மேல் ஒட்டடை இருந்தால் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் எண்ணைப் பார்ப்பார். அதனால் பெண்களுக்கு அவர் மேல் பிரியம். எங்கள் சபைக் கோயிலின் பாடகர் குழுவில் நன்றாகப் பாடுவார். முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது வரன் கொண்டுவந்தால், “பாக்கலாம்க்கா” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அவருக்குத் தெலுங்கு கேட்டால் புரியும், பேச வராது. சித்தூரில் அது ஒரு குறைதான். பேச வேண்டி வந்தால் மனதுக்குள் தமிழில் ஒரு வாக்கியம் செய்து, அதைச் சொல் சொல்லாகத் தெலுங்கில் மாற்றிப் போடுவார். கேட்பவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். ஆதிநாராயணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரிப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். திருப்பதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. அண்ணன் ஆபீஸ் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது பழக்கமானது. இரண்டாம் சனிக்கிழமை ஆபீஸ் லீவு. அன்றைக்குக் காலை பஸ்ஸில் ஆதிநாராயணன் வருவார். இருவரும் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மேட்னி படத்துக்குப் போவார்கள். எந்தப் படம் என்று பார்ப்பதே இல்லை. என் அம்மா ஒருமுறை கேட்டாள்: “ஏன் தம்பி, இந்தப் படத்தைத்தான போன மாசமும் பாத்தீங்கோ?” அண்ணன், “ஃபேன் காத்து நல்லா வருதுக்கா” என்றார்.

மூன்று மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்த ஊரில் அப்படி இருந்த இடம் அது ஒன்றுதான். இதை அண்ணன் பிற்பாடு என்னிடம் சொன்னார். வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கி இருவரும் தின்பார்களாம். அவ்வளவுதான்.

கொட்டகையின் கேட்டில் கன்னையா என்பவர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். கையில் பிரம்பு. டிக்கெட் இருந்தாலும் அவர் மனது வைத்தால்தான் உள்ளே போக முடியும். குடித்துவிட்டு வருகிறவன் சலாம் போட்டால் விட்டுவிடுவார். ஆனால் பெண்போல நடக்கிறான் என்று ஒரு டீக்கடைக்காரனை எல்லோரும் பார்க்க அடித்துத் துரத்தியிருக்கிறார். இரண்டு ஆண்கள் சத்தம் போடாமல் வந்து பின்வரிசை டிக்கெட் வாங்கினால் அவருக்குப் பிடிக்காது.

அன்றைக்கு அண்ணனை உள்ளே விட்டார். பின்னால் வந்த ஆதிநாராயணனின் மார்பில் பிரம்பை வைத்து நிறுத்தினார்.

“ப்ரதி ரெண்டோ சனிவாரம் ஜண்டகா ஒஸ்தாரே! எவரய்யா ஈயன நீக்கு?” என்று அண்ணனைப் பார்த்து உரக்கக் கேட்டார். இரண்டாம் சனிக்கிழமை தவறாமல் ஜோடியாக வருகிறீர்களே, இவர் உனக்கு யார் என்று அர்த்தம்.

அண்ணன் பதறிப்போய்த் திரும்பினார். ‘எங்க ஆளுதான், விடுங்க’ என்று சொல்ல நினைத்திருக்கிறார். ‘ஆளு’க்குத் தெலுங்கு தெரியாமல் ‘அவர்’ என்று வைத்து, தன் வழக்கப்படி மாற்றிப் போட்டார்.

“மா ஆயனே. ஒதலண்டி.”

தெலுங்கு தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ‘மா’ என்றால் எங்கள். ‘ஆயன’ என்றால் அவர். இரண்டையும் சேர்த்துச் சொன்னால், மனைவி தன் புருஷனைப் பற்றிச் சொல்வது. வேறு யாரும் அப்படிச் சொல்வதில்லை. பெயர் சொல்லக் கூடாதே என்று பெண்கள் கண்டுபிடித்த வார்த்தை.

கன்னையா தொடையில் தட்டிச் சிரித்தார். “மீ ஆயனா! மரி ஆடவாள்ள க்யூலோ நிலபடம்மா!” உன் புருஷனா, அப்படியானால் பெண்கள் வரிசையில் நில்லம்மா என்று சொல்லி, அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்து, எங்கள் பெண்கள் வரிசைப் பக்கம் தள்ளினார். அப்போதுதான் பொத்தான் அறுந்தது.

ஆண்கள் வரிசையில் விசில் பறந்தது.

“அண்ணி, பூ வெச்சிக்கினு வரலியா?”

“தாலிய சட்டைக்குள்ள ஒளிச்சி வெச்சிக்கிறாங்கடா!”

எங்கள் வரிசையில் ஒரு அம்மாள், “நவுந்து நில்லுங்கடி, புதுப்பொண்ணுக்கு எடம் உடுங்க” என்றாள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

ஆதிநாராயணனுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவர் அண்ணனை ஒருமுறை பார்த்தார். அது கோபமான பார்வை என்று நான் நினைத்தேன். கன்னையாவின் பிரம்பு அவர் முதுகில் இரண்டு தரம் விழுந்தது. அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேகமாக நடந்து போய்விட்டார்.

அண்ணன் என் முன்னால் நின்றிருந்தார். அந்தக் கூட்டத்தில் அவருக்குத் தெரிந்த முகம் என்னுடையது மட்டும்தான். அப்போதுதான் அப்படிக் கேட்டார். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

நான் அன்றைக்குப் படம் பார்த்தேன். இதையும் எழுதிவிட வேண்டும். உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமும் நைனாவிடமும் அண்ணன் குரலிலேயே பேசிக் காட்டினேன். என் நைனாவுக்கும் தெலுங்கு சுமார்தான், அதைத் தமிழில் ‘மா ஆயன்’, பெரிய மேய்ப்பர், என்று எடுத்துக்கொண்டார். “மா ஆயனா? பேராயரையா சொன்னான்? பிஷப்பு எதுக்கு சினிமாவுக்கு வராரு?” என்று கேட்டார். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதனால் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மறுநாள் ஆராதனை முடிந்து வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளிடம் சொன்னேன். திங்கட்கிழமை தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன். எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அம்மாவிடம், “மேரிக்கா, மிட்டூர்ல பசங்க என் சைக்கிளு பின்னால ஓடியாந்து ‘மா ஆயன, மா ஆயன’ன்னு கத்துறானுங்கோ. அதுக்கு இன்னாக்கா அர்த்தம்?” என்று கேட்டார்.

அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். “அது வந்து தம்பி… பொண்டாட்டிங்கோ புருஷனைச் சொல்றது.”

அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “ஆதிக்குத் தெலுங்கு தெரியுமே” என்றார். ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய வேலை கெட்டது. மீட்டர் எல்லாம் வீட்டுக்குள் இருக்கும். முன்பெல்லாம் “வாங்கண்ணா” என்று விட்டவர்கள் இப்போது வாசலிலேயே நிறுத்தினார்கள். “ஊட்ல ஆம்பள இல்ல, அப்பறம் வா” என்றார்கள். ஆம்பளை இருந்த வீட்டில், “எங்க ஊட்டு ஆம்பள மேல கண்ணு வெக்காத” என்று சிரித்தார்கள். அட்டையில் எண் எழுத முடியாமல் திரும்பி வருவார். சுந்தரம்மா என்கிற கிழவி ஒருத்திதான் கடைசிவரை கதவைத் திறந்தாள். அவளுக்குக் காது கேட்காது.

கோயிலிலும் அப்படித்தான். ஆகஸ்டில், சபையார் அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் இராப்போஜன ஞாயிறு வந்தது. மூப்பர் அசரியா வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கை நீட்டியபோது அவர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இன்பசேகரா, இன்னிக்கி நீ பந்திக்கு வராத.”

“நான் இன்னா செஞ்சேங்கய்யா?”

“நீ ஒண்ணும் செய்யல. ஊரு வாயி அடங்கட்டும், வா.”

அண்ணன் பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. அவர் பாடும் பகுதியை அன்றைக்குப் பாட ஆள் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆதிநாராயணன் வராததுதான் அவரை வதைத்தது. மூன்று கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றார். எங்கள் தெருப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். கன்னையா, “மீ ஆயன ராலேதா அம்மா?”, உன் புருஷன் வரவில்லையாம்மா, என்று கேட்டாராம். இடைவேளை மணி அடிக்கிறவரை அண்ணன் அசையாமல் நின்றிருந்தாராம். செப்டம்பரிலும் போனார். அந்தத் தடவை கன்னையா அவர் கன்னத்தில் அறைந்தார். அண்ணன் மேனேஜரிடம் போய் முறையிட்டார். மேனேஜர், “இது ஃபேமிலிங்க வர்ற எடம் சார். எங்க ஆளு செஞ்சது சரிதான்” என்றாராம்.

அக்டோபரில் நான் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் கொடுக்கத் திருப்பதிக்குப் போக வேண்டியிருந்தது. முந்தின நாள் அண்ணன் என்னை வேலியோரம் கூப்பிட்டார். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தார்.

“தபீதா, நான் அங்க போனா அவன் வேலைக்கும் ஆபத்து. நீ ஒரு வார்த்தை சொல்லிட்டு வரியா? நான் வேணும்னு சொல்லல. எனக்குத் தெலுங்கு வராது. வாய் தவறி வந்துட்ச்சி. மன்னிச்சிக்கச் சொல்லு.”

நான் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். நான் பரப்பியதற்கு இதைச் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஸ்டூடியோவில் மொட்டையடித்த குடும்பம் ஒன்று சந்தனம் பூசிய தலைகளோடு, ஏழுமலை வரைந்த திரைக்கு முன்னால் நின்றிருந்தது. ஆதிநாராயணன் பின் அறையில் மெல்லிய தூரிகையால் நெகட்டிவில் குறைகளை மறைக்கப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“அவரு நல்லாகீறாரா? நேரத்துக்குத் துன்றாரா?”

“நல்லாத்தான் இருக்காருண்ணே. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அன்னிக்கி அவரு வேணும்னு சொல்லலியாம். வாய் தவறி வந்துட்ச்சாம். மன்னிச்சிக்கச் சொன்னாரு.”

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். “வாய் தவறியா?”

“ஆமாண்ணே. அவருக்கு அதுக்கு அர்த்தமே தெரியாது. எங்கம்மா சொல்லித்தான் தெரியும்” என்றேன். நல்ல செய்தி என்று நினைத்து அழுத்திச் சொன்னேன்.

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். எங்கோ பார்த்துக்கொண்டு பேசினார்.

“அவ்ளோ பேரு எதிர்ல, அந்தக் கம்புக்காரன் கிட்ட, இந்த மனுஷன் இப்பிடிச் சொல்லிட்டாரேன்னு… இன்னா தகிரியம்னு நெனச்சேன்மா. பயந்து ஓடியாந்தவன் நான். எந்த மூஞ்ச வெச்சிக்கினு பதிலு எழுதறதுன்னு தெரியாமத்தான் குந்திக்கினு இருந்தேன். ஊட்ல பொண்ணு பாத்து வெச்சிக்கிறாங்கோ. அவரு சொன்னதை நெனச்சிக்கினேதான் வாணாம் வாணாம்னு தள்ளிக்கினு வந்தேன்.” கொஞ்சம் சிரித்தார். “தெலுங்கு வராதாமா. சரி. மன்னிக்கறதுக்கு ஒண்ணும் இல்லேன்னு சொல்லிடு.”

முன் அறையிலிருந்து முதலாளி கூப்பிட்டார். அவர் தூரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

நான் சித்தூருக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகத்தில் அப்போது வந்த மாற்றத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. “தகிரியம்னா சொன்னான்?” என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் திருப்பதிக்குப் போனார்.

ஸ்டூடியோ முதலாளி வாசலிலேயே நிறுத்தி, “நேத்து சாயங்காலமே கணக்கு முடிச்சிக்கினு ஊருக்குப் போயிட்டான். கல்யாணமாம்” என்றாராம். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. ‘நகரிப் பக்கம்’ என்றுதான் எப்போதும் பேச்சு. ஊர்ப் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை என்றார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேடினார். நகரி, புத்தூர், சத்தியவேடு என்று பஸ்ஸில் போய், சாலையோரத்து ஊர்களில் இறங்கி, ஆதிநாராயணன் வீடு எது என்று கேட்டார். அந்தப் பக்கம் அந்தப் பெயர் வீட்டுக்கு ஒன்று. கேட்டவர்கள் எல்லாரும், “நீங்க அவருக்கு இன்னா வேணும்?” என்று திருப்பிக் கேட்டார்கள். அவர் தெரிந்தவர் என்பார். கரண்ட் ஆபீஸ் என்பார். சில இடத்தில் ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுவார்.

ஜனவரியில் அவரை வரதய்யபாளையத்துக்கு மாற்றினார்கள். சித்தூரில் எண் எழுத முடியாத மீட்டர் ரீடரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்களாம். பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தபோது நான் போனேன். என்னால் அதற்கு மேல் அடக்கி வைக்க முடியவில்லை.

“அண்ணே, ஊரெல்லாம் சொன்னது நான்தான்.”

“தெரியும்மா” என்றார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அவங்கிட்ட வாய் தவறிச்சின்னு சொல்லி அனுப்பினேன் பாரு, அதுதான் நான் செஞ்ச தப்பு. அர்த்தம் தெரிஞ்சிருந்தா அன்னிக்கி சொல்லியிருக்க மாட்டேன் தபீதா. நான் பயந்தாங்கொள்ளி. தெரியாததாலதான் நெசம் வெளிய வந்துட்ச்சி. அந்த வார்த்தை நெசம். அதை அவங்கிட்ட சொல்லணும். அது போதும்.”

வரதய்யபாளையத்துக்கு நான் இரண்டு கடிதம் போட்டேன். முதலாவதுக்கு ஒரு அட்டையில் பதில் வந்தது. இன்னும் தேடுகிறேன், கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். இரண்டாவது கடிதம் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தடாவில் லாரிகள் நிற்கும் இடத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். நானும் நைனாவும் போய்ப் பார்த்தோம். அப்படி யாரும் அங்கே இல்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட இன்றைக்கு எனக்குத் தெரியாது.

எனக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. கன்னையா இன்னும் அதே கேட்டில் நிற்கிறார். அவரைக் கேட்டால், “நான் இன்னா கொலையா செஞ்சேன், சும்மா தமாஷுக்குச் சொன்னது” என்பார். நானும் தமாஷுக்குத்தான் சொன்னேன். அண்ணனுக்கும் ஆதிநாராயணனுக்கும் இருந்ததை என்னவென்று சொல்வது என்று தேடிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாம் வசவாக இருக்கின்றன. அதனால் எந்தப் பெயரும் போடாமல் நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

நகரிப் பக்கத்து மனிதரின் உண்மைப் பெயர் ஆதிநாராயணன் அல்ல. அவருக்கு இப்போது மனைவி இருக்கலாம், பிள்ளை இருக்கலாம். அதனால் யார் அவர் என்று தயவுசெய்து தேடாதீர்கள், யாரையும் நிறுத்திக் கேட்காதீர்கள். இந்தக் கதையை மட்டும் சொல்லுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லுங்கள், சந்தையில் சொல்லுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். புத்தூர், சத்தியவேடு பக்கம் சொந்தக்காரர் இருந்தால் இந்தத் தாளையே கொடுத்தனுப்புங்கள். எத்தனை பேர் வாய் மாறினாலும் பரவாயில்லை. இன்பசேகரன் அதை மனதாரத்தான் சொன்னார், அவருடைய பதிலைக் கேட்ட மறுநாளே முதல் பஸ்ஸில் அதைச் சொல்லத் திருப்பதிக்கு வந்தார் என்பது மட்டும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவர் ஒருவர் அந்தப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறார்.